தூதுணம் புறவும் அயல்வீட்டுக் கோழியும்

பட்டினப்பாலை வகுப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துக்குள்ளே மாணாக்கரைக் கைபிடித்து அழைத்துச் செல்வதில் உள்ள இன்பம் வேறு பாடங்களில் எனக்குக் கிடைப்பதில்லை. அந்நகரில் முனிவர்கள் வேள்வி செய்கின்றனர், புகை எழுகின்றது. சோலையிலிருந்த குயில்கள் அப்புகையைப் பொறாமல் தம் பெடைகளோடும் பறந்துபோகின்றன. போய், பூதம் காவல் செய்யும் ஒரு கோயிலிலே, அங்குள்ள புறாக்களோடு ஒதுங்கித் தங்குகின்றன. அந்தப் புறாவுக்குப் புலவர் ஓர் அடைமொழி கொடுக்கின்றார். தூதுணம் புறவு என்கின்றார்.

'தூது கொண்டு செல்லும் புறா' என்றே புதிய மாணாக்கர் பொருள் சொல்வர். நான் புன்னகை செய்வேன். அந்தப் புன்னகையைச் செய்வதற்காகவே அவர்களைப் பொருள் சொல்லவிடுவேன் என்றாலும் பொய்யாகாது. பின்னர்ச் சொல்லைப் பிரித்துக் காட்டுவேன். தூது, உண், அம், புறவு. தூது என்பது ஈண்டுச் செய்தி அன்று, சிறு கல். கல்லை உண்ணும் அழகிய புறா என்பது பொருள். நச்சினார்க்கினியர் கொண்ட பொருளும் அதுவே. மாணாக்கர் வியப்போடு குறித்துக்கொள்வர். அடுத்த அடிக்குப் போய்விடுவோம்.

இப்படி இருபத்தாறு ஆண்டுகள் கழிந்தன. புறா ஏன் கல்லை உண்கின்றது என்று ஒரு மாணாக்கனும் என்னைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை. 2022ஆம் ஆண்டிலே அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டது ஓர் அயல்வீட்டுக் கோழி. அது கேட்ட விதம் நினைக்க இன்பமானதன்று. எனினும் சொல்லத்தான் வேண்டும். ஏனெனில் அதில் என் பிழையும் உண்டு.

எங்கள் வளவுக்கு அடுத்த வளவில் ஒரு கைம்பெண் தன் மகனோடு வாழ்கின்றார். மகன் எங்கள் கல்லூரியில் மாலை வகுப்புக்கு வருபவன். தாய்க்குத் தையலும் கோழியுமே வருவாய். முட்டை விற்ற காசு பையனின் பேருந்துக் கூலியாகவும் கொப்பி புத்தகமாகவும் மாறுவதை நான் அறிவேன். அந்தக் கோழிகள் வேலியிலிருந்த பொட்டு வழியாக எங்கள் வளவுக்குள் வந்து, கோடிப்புறத்தைச் சீய்த்துப் பொறுக்கிவிட்டு, பொழுதுபடக் கூட்டுக்குத் திரும்பும். யாரும் யாரையும் கோபித்ததில்லை.

2020ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்தில் எல்லாரும் வீட்டுத்தோட்டம் செய்தார்கள். நானும் செய்தேன். புத்தகம் பிடித்த கையால் மண்வெட்டி பிடித்து ஒரு பாத்தி கத்தரி நாற்று வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் பாத்தி இருந்தது; நாற்று இல்லை. எனக்குத் தமிழில் கோபம் வந்தது. வேலிக்கரையில் நின்று, "பிள்ளை, கோழியை அடைச்சு வளர்க்கவேணும். இல்லாட்டி வளர்க்கப்படாது" என்று சொன்னேன். நான் சொன்ன தொனியை இப்போது நினைத்தாலும் நாணமாக இருக்கின்றது. அந்தப் பெண் ஒன்றும் எதிர் பேசவில்லை. "ஓம் ஐயா" என்றார். அடுத்த வாரம் பழைய மாட்டுக்கொட்டிலைக் கம்பிவலையால் அடைத்து, கோழிகளை உள்ளே விட்டார். பொட்டையும் கிடுகு வைத்து மூடினார். கொட்டிலின் நிலம் சீமெந்து.

இரண்டு ஆண்டுகள் ஒரு குறையும் இருக்கவில்லை. கடையில் வாங்கும் அரைத்த கோழித்தீனைக் கோழிகள் உண்டன, முட்டையும் இட்டன. என் கத்தரியும் காய்த்தது. 2022இல் நாட்டுக்கு வந்த நெருக்கடியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எரிபொருளுக்கும் பால்மாவுக்கும் வரிசை நின்ற காலம். கோழித்தீனும் அருகிற்று, விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. அந்தப் பெண் என்ன செய்வார்? கிடைத்ததைக் கொடுத்தார். முழு நெல், குரக்கன், சோற்றுப்பருக்கை, அரிந்த புல், முருங்கையிலை. ஒரு தாய் தன் பிள்ளைகளுக்குப் பஞ்சத்தில் செய்வதையே அவர் கோழிகளுக்கும் செய்தார்.

மூன்று கிழமை சென்றபின் ஒருநாள் வேலிக்கரையில் நின்று கூப்பிட்டார்.

"ஐயா, ரெண்டு கோழி தீன் எடுக்குதில்லை. கழுத்தடியிலை தொட்டுப் பார்த்தால் கல்லு மாதிரிக் கிடக்குது."

எனக்குக் கோழிகளைப் பற்றி என்ன தெரியும்? எங்கள் வீட்டில் புலால் புகுவதில்லை. கோழியின் வெளிப்புறமே எனக்குப் பகையாகத் தெரியும். உட்புறம் எவ்வாறு தெரியும்? "மிளகும் இஞ்சியும் இடிச்சுக் குடுத்துப் பார் பிள்ளை" என்று, கேட்டவருக்கு ஏதாவது சொல்லவேண்டும் என்பதற்காகச் சொன்னேன். மறுநாள் ஒன்று இறந்தது. அதற்கடுத்த நாள் மற்றதும் இறந்தது.

இரண்டாவது கோழியைப் பையன் ஒரு பையில் இட்டு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனான். நானும் உடன் போனேன். வைத்தியர் இளைஞர், பொறுமைசாலி. எங்கள் கண்முன்னே அறுத்துக் காட்டினார். கழுத்தடியிலுள்ள தீனிப்பை முழுவதும் நெல்லும் புல்லும். அதன் கீழே, கைவிரல்களைப் பொத்தினாற்போல உருண்ட ஒரு தசைப்பை. அதற்குள்ளே புல் நார் கயிறுபோல முறுகி, நெல்மணிகளைச் சுற்றிப் பந்தாகிக் கிடந்தது. நெல் உமியோடு அப்படியே இருந்தது. ஒரு மணியும் உடையவில்லை.

"கோழி வெளியிலை மேயுறதோ?" என்று கேட்டார்.

"இல்லை, கூட்டுக்குள்ளைதான்" என்றான் பையன்.

"கூட்டு நிலம்?"

"சீமெந்து."

"அப்ப கல்லு வைக்கிறனீங்களோ?"

பையன் என் முகத்தைப் பார்த்தான். அவன் பட்டினப்பாலையை அந்த ஆண்டுதான் என்னிடம் பாடங் கேட்டிருந்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. தூது, உண், அம், புறவு என்று நான் கரும்பலகையில் எழுதியது எங்கள் இருவருக்கும் ஒருங்கே நினைவுக்கு வந்தது.

வைத்தியர் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே தருகின்றேன்.

பறவைக்குப் பல் இல்லை. கோழி பொறுக்கும் தானியம் முதலில் தீனிப்பைக்குப் போய் ஊறுகின்றது. அங்கிருந்து சிறிய இரைப்பைக்கு வருகின்றது. அங்கே அமிலமும் செரிக்கும் நீரும் சுரந்து அதனோடு கலக்கின்றன. அதன்பின் அரைவைப்பை. இது வலிய தசைகளால் ஆயது. உட்புறம் மஞ்சளான தடித்த தோல் ஒன்று கவசம்போல் அமைந்திருக்கின்றது. கோழி சமைப்போர் உரித்தெறியும் தோல் அதுவே. நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறையாக அப்பை சுருங்கி விரிந்துகொண்டேயிருக்கும். ரெயோமூர் என்னும் பிரெஞ்சு அறிஞர் பறவைகளுக்கு உலோகக் குழாய்களை விழுங்கக் கொடுத்து ஆராய்ந்து, 1752இல் தாம் கண்டவற்றை எழுதினார். அரைவைப்பையின் அழுத்தத்தில் குழாய்களும் நசுங்கின.

அவ்வளவு வலிமை இருந்தும், அம்மி மட்டும் இருந்தால் அரைக்க முடியுமா? குழவியும் வேண்டும். கோழி விழுங்கும் சிறு கற்களே அந்தக் குழவி. தசை பிசைய, கற்கள் தானியத்தின் உமியைக் கிழித்து, நாரை அறுத்து, மணியை மாவாக்குகின்றன. அரைத்து அரைத்துக் கல்லும் தேய்கின்றது. தேய்ந்து சிறுத்தவை குடல் வழியாக வெளியேறிவிடும். அவற்றின் இடத்தைப் புதிய கற்கள் நிரப்பவேண்டும். வெளியில் மேயும் கோழி தனக்கு வேண்டிய கல்லைத் தானே தேர்ந்து பொறுக்கிக்கொள்கின்றது. சீமெந்து நிலத்தில் அடைபட்ட கோழி எதைப் பொறுக்கும்?

அப்படியாயின் இரண்டு ஆண்டுகள் எவ்வாறு தப்பின என்று வாசகர் கேட்கலாம். கடைத்தீன் முன்னரே அரைத்து வந்தது. ஆலை செய்துவிட்ட வேலையைக் கோழியின் வயிறு மீண்டும் செய்யவேண்டியிருக்கவில்லை. ஆனால் அரைத்த தீனையே உண்ணும் கோழியின் அரைவைப்பை வேலையின்றிச் சிறுத்துத் தளர்கின்றது. பஞ்சம் வந்து முழு நெல்லையும் புல்லையும் கொடுத்தபோது, வயிற்றில் கல்லும் இல்லை. தசையில் வலிமையும் இல்லை. குறிப்புப் புத்தகத்தையே படித்துவந்த மாணாக்கனிடம் திடீரென்று மூலநூலைக் கொடுத்தாற்போல ஆயிற்று. தவறு கோழியிலும் இல்லை, நெல்லிலும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் உற்சாகத்தோடு ஒரு காரியம் செய்தேன். எங்கள் கிணற்றடியில் கிடந்த சுண்ணக்கற்களை எடுத்துச் சுத்தியலால் உடைத்து ஒரு கடகம் நிரப்பினேன். கல் என்றால் கல்தானே என்பது என் எண்ணம். பையன் வந்து பார்த்தான். கொஞ்சம் தயங்கினான்.

"ஐயா, இது கரைஞ்சு போகும்" என்றான்.

வீட்டுக்குள் ஓடி, ஒரு போத்தலில் வினாகிரி கொண்டுவந்தான். அயலில் வீடு கட்டுமிடத்தில் பொறுக்கிய ஒரு கருங்கற் சல்லியையும் கொண்டுவந்தான். இரண்டு கற்களையும் படிக்கட்டில் வைத்து, ஒவ்வொன்றிலும் சில துளி விட்டான். கருங்கல் நனைந்தது, வேறொன்றும் நிகழவில்லை. சுண்ணக்கல்லில் நுரை பொங்கிற்று. கோழி வயிற்றிலுள்ள அமிலம் வினாகிரியிலும் வலிது. அங்கே இந்தக் கல் சிறிது நேரம் அரைக்கும். ஆனால் நில்லாது கரைந்துவிடும்.

யாழ்ப்பாணத்திலே இது முக்கியமான செய்தி. குடாநாடு முழுவதும் சுண்ணக்கல்லின் மேல் அமைந்தது. எங்கள் கடற்கரைகளில் முருகைக்கல்லும் சிப்பியும் தாராளம். கருங்கல்லோ வன்னியிலிருந்து பாரவண்டியில் வருவது. கண்ட கல்லையெல்லாம் உடைத்துக் கொடுத்தால், கல் கொடுத்தோம் என்ற மனநிறைவு எங்களுக்கு இருக்கும். குழவி கோழிக்கு இராது. வடமராட்சி கிழக்கில் அம்பன் பக்கத்து வெண்மணல் கரையாத படிக மணல்தான். ஆனால் அது மிக நுண்ணியது. வளர்ந்த கோழிக்கு உதவாது.

சுண்ணக்கல்லும் சிப்பியும் வீண் என்று சொல்ல வரவில்லை. அவற்றின் பயன் வேறு. முட்டை ஓட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பங்கு கல்சியங் காபனேற்று. ஒவ்வொரு முட்டைக்கும் 2 கிராம் அளவு கல்சியத்தைக் கோழி தன் உடலிலிருந்து கொடுக்கின்றது. அதை ஈடு செய்யாவிட்டால் ஓடு மெலியும்; எலும்பும் மெலியும். ஆகவே முட்டையிடும் கோழிக்குக் கரையும் கல்லும் வேண்டும். கரையாத கல்லும் வேண்டும். முன்னது உணவு, பின்னது கருவி. இரண்டையும் 'கல்' என்ற ஒரே சொல்லால் சொல்வதனால் ஒன்றை மற்றதாக மயங்குகின்றோம். 'தூது' என்ற சொல்லில் மாணாக்கர் மயங்குவதைக் கண்டு நகைத்த நான், 'கல்' என்ற சொல்லில் மயங்கினேன்.

பையனும் நானும் சேர்ந்து வேலை செய்தோம். கருங்கற் சல்லியோடு கிடந்த சிறு துகள்களைக் கொண்டுவந்து அரிதட்டினால் அரித்தோம். தூசி போக நன்றாகக் கழுவி வெயிலில் உலர்த்தினோம். அளவு முக்கியம். வளர்ந்த கோழிக்கு உழுந்தளவு, அதாவது 4 முதல் 6 மில்லிமீற்றர். வளரும் குஞ்சுக்கு அதில் பாதி. சிறு குஞ்சுக்குக் குரக்கன் மணியளவு. அதுவும் தீனை நன்றாக உண்ணப் பழகிய பின்னரே. முன்னரே வைத்தால், தீன் என்று எண்ணிக் கல்லாலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளும். கண்ணாடித்துண்டும் கம்பித்துண்டும் கலவாமல் பார்க்கவேண்டும். கடற்கரை மணலானால் உப்புப் போகக் கழுவவேண்டும்.

இரண்டு சிரட்டைகளைக் கொட்டில் தூணில் கட்டினோம். ஒன்றில் கருங்கல்; மற்றதில் இடித்த சிப்பி. தீனோடு கலக்கவில்லை. எது எவ்வளவு வேண்டும் என்பது கோழிக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. நெடுநாள் கல் காணாத கோழி ஆவலால் மிகுதியாக விழுங்கிவிடலாமாகையால், முதல் சில நாட்கள் நாளுக்கு ஒரு கைப்பிடி மட்டும் வைத்தோம்.

சிரட்டையைக் கட்டியதும் கோழிகள் வந்து கூடிய காட்சி என் கண்ணில் இன்னும் நிற்கின்றது. பக்கத்தில் நெல் கிடந்தது. அதைப் பாராமல் கல்லைக் கொத்தின. ஒன்றை எடுத்து, உதறி, வேண்டாம் என்று போட்டு, வேறொன்றைத் தெரிந்து விழுங்கின. நல்ல உரையாசிரியர் பாடபேதங்களை ஆராய்வதுபோல இருந்தது.

ஆனால் மூன்றாவது கோழி ஒன்று முன்னரே அடைத்துப்போயிருந்தது. அடைத்துப்போன வயிற்றுக்குக் கல் மருந்தன்று என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அவர் மருந்து கொடுத்தார். அந்தப் பெண் இரவிரவாக விழித்திருந்து தீனிப்பையைத் தடவிவிட்டார். அதுவும் பிழைக்கவில்லை. ஒன்பதில் ஆறு மிஞ்சின. ஒரு பண்டிதருக்கு மூன்று கோழி பெரிதன்று. முட்டைக் காசில் பிள்ளையைப் படிப்பிக்கும் தாய்க்கு மூன்று கோழி என்றால் என்ன என்பதை நான் விரிக்கவேண்டியதில்லை.

அந்த நாட்களில் ஒருமுறை அவர் சொன்னார்: "ஊர்க்கோழியை உரிச்சால் உள்ளுக்கை கல்லு வரும்தானே ஐயா. நாங்கள் கழுவி எறியிறனாங்கள். அது அதுக்குத் தேவையெண்டு ஆர் நினைச்சது?"

நான் அன்றிரவு நெடுநேரம் உறங்கவில்லை. அவர் கல்லைக் கண்ணால் கண்டவர். அதன் பொருளைக் கேட்டதில்லை. நான் பொருளைச் சொன்னவன், கல்லைக் கண்டதில்லை. இருவருக்கும் நடுவில் ஒரு வேலி. அதிலிருந்த பொட்டையும் நான்தான் மூடச் செய்தேன். தமிழில் 'பொருள்' என்பது சொல்லின் கருத்தையும் குறிக்கும். உலகத்து வஸ்துவையும் குறிக்கும். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருளையும் வைத்த முன்னோர், இரண்டையும் ஒருங்கே தேடு என்று எங்களுக்குச் சொல்லியிருக்கின்றார்கள் போலும்.

மேனாட்டார் 1752இல் கண்டதை நாங்கள் சங்ககாலத்திலேயே கண்டுவிட்டோம் என்று இந்தக் கட்டுரையை முடித்திருக்கலாம். கைதட்டலும் கிடைக்கும். புறா கல் உண்பதைப் புலவர் கண்டிருந்தார் என்பது மெய். அது அவருடைய பெருமை. எங்கள் பெருமை எங்கே இருக்கின்றது? அவர் கண்டதைப் பாடமாக்கிவிட்டு, எங்கள் அயலில் ஒரு கோழியை நெல் நிறைந்த வயிற்றோடு பட்டினியில் சாகவிட்டோம். அறிந்த சொல் ஆபத்தில் உதவாவிட்டால், அதை அறிந்தோம் என்று எவ்வாறு சொல்வது?

எங்கள் பாட்டிமார் அரிக்கன்சட்டியில் அரிசியை அரித்துக் கல்லைப் பிரிப்பார்கள். பிரித்த கல்லைக் கோடிப்புறத்தில் கொட்டுவார்கள். கோழிகள் ஓடிவரும். சிந்திய அரிசிக்காக வருகின்றன என்று சிறுவயதில் எண்ணியிருந்தேன். இன்று அரிசி கல் நீங்கிப் பொதியில் வருகின்றது, முற்றமும் சீமெந்தாகிவிட்டது. முன்னர்த் தானாக நடந்ததை இனி நாங்கள் நினைத்துச் செய்யவேண்டும். கூட்டில் அடைத்து, முழுத்தானியமும் புல்லும் கொடுத்துக் கோழி வளர்ப்போர் ஒரு சிரட்டையில் கருங்கற்றுகளும் இன்னொரு சிரட்டையில் சிப்பியும் வைத்துவிடுங்கள். வினாகிரிச் சோதனையைப் பிள்ளைகளையே செய்யச் சொல்லுங்கள்.

அடுத்த ஆண்டு பட்டினப்பாலை வகுப்புக்கு நான் ஒரு சிரட்டை கல்லோடு போனேன். 'தூது கொண்டு செல்லும் புறா' என்று வழக்கம்போல ஒரு மாணவி சொன்னாள். நான் புன்னகை செய்யவில்லை. சிரட்டையைக் கை மாற்றி மாற்றிப் பார்க்கக் கொடுத்தேன். கோழியின் கதையைச் சொன்னேன். கதை முடிந்ததும் அந்த மாணவியே கேட்டாள்: "ஐயா, அப்படியெண்டால் புறாக்கள் அந்தக் கோயிலிலை ஏன் இருந்தவை? அங்கை முற்றத்திலை மணல் இருந்திருக்குமோ?"

எந்த உரையிலும் நான் அதைப் படித்ததில்லை. பாடத்தை நிறுத்திவிட்டு, எல்லாரையும் அருகிலுள்ள கோயில் வீதிக்கு அழைத்துக்கொண்டு போனேன். அங்கே மணற்பரப்பில் புறாக்கள் நடந்து நடந்து எதையோ கொத்திக்கொண்டிருந்தன. வகுப்பு முழுவதும் மதிலோரத்தில் ஓசையின்றி நின்று பார்த்தது.

இப்போது வேலியில் பொட்டு மறுபடியும் திறந்திருக்கின்றது. மாலையில் இரண்டு மணிநேரம் கோழிகள் எங்கள் கோடிப்புறத்துக்கு வருகின்றன. கத்தரிப் பாத்தியைச் சுற்றி நான் கிடுகு நாட்டிவிட்டேன். வேண்டிய எருவை அந்தப் பெண் கடகத்தில் கொண்டுவந்து வைக்கின்றார். கோழிகள் நாற்றை அழித்த ஆண்டில் எனக்கு வந்த கோபத்தின் அளவுக்கு, இவ்வாண்டு கத்தரி காய்த்திருக்கின்றது.